முத்துப்பேட்டைக் காயலில் ஒரு கை உப்புமானி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இறால் பண்ணைகளில் ரிஃப்ராக்டோமீட்டர் என்று சொல்லப்படும் கை உப்புமானி ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு பருவமழைகளிலும் இரண்டு கோடைகளிலும் முத்துப்பேட்டைக் காயலில் பயன்படுத்தியிருக்கிறேன். கோரையாற்றுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒவ்வொரு அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, உரிய அனுமதியுடன் மீனவர் ஒருவரின் படகில் சென்று, குறித்துவைத்த ஆறு இடங்களில் நீரின் உப்பை அளந்து நோட்டில் எழுதி வருகிறோம். கொடுத்த விலைக்கு இந்தக் கருவி தரும் பயன் பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எங்கே தவறும் என்பதை அறியாமல் வாங்குகிறவர் பிழையான எண்ணைச் சரியென்று நம்பிவிடுவார். அந்தப் பிழைகளில் பலவற்றை நானே செய்து கற்றுக்கொண்டதால் விரிவாக எழுதுகிறேன்.

கருவி ஒரு சாண் நீளமுள்ள உலோகக் குழாய். ஒரு முனையில் சாய்வாக வெட்டிய கண்ணாடிப் பட்டகமும் அதை மூடும் ஒளிபுகும் தகடும் இருக்கும். மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை. பட்டகத்தின் மேல் இரண்டு மூன்று சொட்டு நீரை விட்டுத் தகட்டை மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், மேலே நீலமும் கீழே வெள்ளையுமாக வட்டம் இரண்டாகப் பிரிந்து தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு அளவுகோலில் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே ஆயிரம் பங்கு நீரில் உள்ள உப்பின் பங்கு. பண்ணைக்காரர்கள் அதைப் பிபிடி என்பார்கள். உப்பு கூடக்கூட நீர் ஒளியை அதிகமாக வளைக்கும் என்ற ஒரே இயல்பை நம்பி இயங்குவதால் இதற்கு பேட்டரி தேவையில்லை, கெட்டுப்போகும் மின்முனையும் இல்லை. அளவுகோல் 0 முதல் 100 வரை ஒவ்வோர் எண்ணாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கடல்நீர் ஏறத்தாழ 35இல் நிற்கும் என்பதால் 100 வரையிலான அளவுகோல் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் நம் காயலில் அந்த மேல்பாதியும் வேண்டியிருக்கிறது.

அதன் காரணம் இந்த நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில், காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறும் கோரையாறும், அவற்றோடு கிளைத்தாங்கியாறு, மரக்காக்கோரையாறு, கந்தப்பரிச்சான் ஆறு ஆகியவையும் பாக் நீரிணையை அடையும் முன் இந்த ஆழமற்ற காயலில் வந்து சேர்கின்றன. படகோட்டிகள் இதை லகூன் என்றே சொல்கிறார்கள். பல இடங்களில் ஆள் இறங்கி நின்றால் இடுப்பளவுதான் நீர் இருக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று நீரும் வயல்களின் வடிகால் நீரும் ஒருங்கே வந்து விழ, காயல் சில வாரங்களுக்கு ஏறக்குறைய நன்னீராகிவிடும். தை பிறந்து ஆறுகள் வற்றியபின் கடல்நீர் மட்டுமே உள்ளே வரும். பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும் அளவு, குறைவு என்பதால் வந்த நீர் முழுவதும் திரும்பிப் போவதில்லை. தேங்கிய நீர் பங்குனி, சித்திரை வெயிலில் ஆவியாக ஆவியாக, உப்பு கடலின் அளவையும் தாண்டிவிடுகிறது. ஒரே இடத்தின் நீர் ஐந்தாறு மாதங்களில் 5இலிருந்து 40க்கு மேல் போகும் இத்தகைய நீர்நிலையை அளக்கும் கருவி, இரண்டு ஓரங்களிலும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். என் கருவியின் சிக்கல்கள் அந்த இரண்டு ஓரங்களிலும்தான் இருந்தன.

முதலில் மேல் ஓரம். பெட்டியோடு வந்த ஒற்றைத் தாளில், காய்ச்சி வடித்த நீரை விட்டுக் கோடு 0இல் நிற்கும்படி திருகாணியைத் திருப்புக என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அந்த நீரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பேட்டரிக்கு ஊற்ற மெக்கானிக் கடையில் விற்கும் நீரே போதும். அப்படி 0ஐச் சரிசெய்து கடல்முகத்தில் அளந்தபோது, எதிர்பார்த்ததைவிட ஒன்றிரண்டு எண்கள் கூடுதலாகவே வந்துகொண்டிருந்தன. பல மாதங்கள் அதை உண்மையென்றே எழுதிவைத்தேன். மலிவாகக் கிடைக்கும் உப்புமானிகளில் பலவற்றின் அளவுகோல் கடல்நீருக்காக வரையப்பட்டதன்று, சமையலுப்பு மட்டும் கரைந்த நீருக்காக வரையப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் கலந்திருக்கின்றன. அவை ஒளியை வளைக்கும் அளவும் சற்றே வேறு.

உங்கள் கருவி எந்த வகை என்று அறிய எளிய வழி இருக்கிறது. 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், அந்தக் கரைசல் 35 பிபிடி கடல்நீர் வளைக்கும் அதே அளவுக்கு ஒளியை வளைக்கும். 0ஐச் சரிசெய்த கருவி இந்தக் கரைசலில் 35 காட்டினால் அது கடல்நீர் அளவுகோல், 36.5 அருகில் நின்றால் உப்புக் கரைசல் அளவுகோல். என்னுடையது இரண்டாம் வகை. அன்றுமுதல் ஒவ்வோர் அளவையும் 0.96ஆல் பெருக்கி எழுதுகிறேன், பழைய பக்கங்களையும் அப்படியே திருத்தினேன். திருகாணியைத் திருப்பி 35இல் நிறுத்திவிட்டால் போதாதா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். எப்போதும் கடல்நீரை மட்டுமே அளக்கிறவருக்கு அது போதும். மழைக்காலத்தில் அடியையும் கோடையில் உச்சியையும் தொடும் காயலுக்கு அது ஆகாது, ஏனெனில் அப்படிச் செய்தால் கீழ் எண்கள் எல்லாம் ஒன்றரை குறைந்துவிடும். கரைசலுக்குப் பள்ளி ஆய்வகத்தின் தூய உப்பையே எடுத்தோம். வேதாரண்யத்துக் கல்லுப்பு நம் பக்கத்து உப்பு என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதில் ஈரமும் மெக்னீசிய உப்புகளும் இருப்பதால் எடை போட்ட கணக்கு தப்பும்.

வெயில் அடுத்த சிக்கல். கருவியின் மேல் தானியங்கி வெப்பத் திருத்தம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அது 10 முதல் 30 டிகிரி வரைதான் என்பது பெட்டியின் அடிப்பக்கத்தில் சிற்றெழுத்தில் இருந்தது. நம் பகுதியில் சித்திரை மாதத்து மதியத்தில் ஆழமற்ற நீரே 30ஐத் தாண்டுகிறது; படகின் பலகையில் வைத்த உலோகக் குழாயின் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நீர் சூடேறினால் ஒளி வளைவது குறையும், அதனால் கருவி உப்பைக் குறைத்துக் காட்டும். அதே சமயம் சூடான கண்ணாடியின் மேல் விட்ட மெல்லிய நீர்ப்படலம் சில நொடிகளிலேயே ஆவியாகத் தொடங்குவதால், தாமதித்துப் பார்த்தால் உப்பு கூடித் தெரியும். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் போவதால் எது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. இப்போது விடியற்காலையிலேயே கிளம்புகிறோம். நீரை மூடியுள்ள சிறு புட்டிகளில் எடுத்து, ஈரத் துணியால் சுற்றி, கரைக்கு வந்து நிழலில் கருவியையும் புட்டிகளையும் அரைமணி நேரம் ஒன்றாக வைத்த பிறகே அளக்கிறோம். அதற்குள் சேறும் அடியில் படிந்துவிடும். கலங்கல் நீரில் மங்கலாகத் தெரிந்த கோடு, தெளிந்த பிறகு நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

கருவி நம் கையில் தரும் எண் அதன் மேல் விட்ட மூன்று சொட்டுக்கு மட்டுமே உரியது. இதை நான் மிகத் தாமதமாக உணர்ந்தேன். நன்னீர் இலேசானது, உப்புநீர் கனமானது. ஆற்றுமுகங்களில் மேலே ஆற்று நீர் கடலை நோக்கி ஓட, அடியில் உப்புநீர் ஆப்புப் போல ஆற்றுக்குள் நுழைந்திருக்கும். திறந்த காயலில் காற்று கிளறிவிடுவதால் மேலுக்கும் அடிக்கும் பெரிய வேறுபாடு இராது. ஆனால் கோரையாற்றின் வாய்ப்புறத்தில் மழை விட்ட சில நாட்களுக்குப் பின் மேல்நீர் 6 காட்டிய இடத்தில் அடிநீர் 20க்கு மேல் காட்டியது. மேலே மட்டும் அளந்திருந்தால் அந்த இடம் முழுவதும் ஆற்று நீராகிவிட்டது என்று எழுதியிருப்பேன். அடிநீரை எடுக்க விலையுயர்ந்த கருவி வாங்கவில்லை. கனமான கண்ணாடிப் புட்டியின் கழுத்தில் ஈயக் குண்டைக் கட்டி, தக்கையில் தனிக் கயிறு கோத்து, தரை தட்டியதும் தக்கையைச் சுண்டி இழுத்தால் அந்த ஆழத்து நீர் புட்டியில் நிறையும். உப்புமானி வாங்குகிறவர்கள் இந்தப் புட்டியையும் அதன் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் கருவி வாங்கியதற்கான முதல் காரணத்தையும் சொல்ல வேண்டும். அலையாத்திக் காட்டில் ஒரு வாய்க்கால் ஓரத்தில் கன்றுகள் தழைத்தும் அடுத்த வாய்க்கால் ஓரத்தில் கருகியும் நிற்பதைக் கண்ட மாணவர்கள் காரணம் கேட்டார்கள். இந்தக் காட்டில் மரங்களைக் கூறு கூறாகப் பிரித்து வெட்டும் முறை ஆங்கிலேயர் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் நடந்தது. மரம் போன இடத்தில் மண் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து தட்டுப்போலக் குழிந்தது. அந்தக் குழிகளுக்குள் வந்த ஓதநீர் வெளியேற வழியின்றி ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச் சென்றது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கிளைவாய்க்கால்களை வெட்டி, ஓதம் உள்ளே வந்து திரும்பிப் போக வழிசெய்து, வாய்க்கால் சரிவுகளில் அலையாத்தியை நட்ட பிறகுதான் வெறும் உப்புத்திடல்கள் மீண்டும் பசுமையாயின. வாய்க்கால் தூர்ந்துவிட்டால் பழைய நிலை திரும்பும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதை எண்ணாகப் பார்க்க இந்தக் கருவி உதவியது.

வாய்க்கால் நீரை மட்டும் அளந்தபோது இரண்டு இடங்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பிறகு வேர் இருக்கும் ஆழத்துக்குச் சேற்றில் கையால் குழி தோண்டி, அதில் ஊறி வந்த நீரைத் தெளியவைத்து அளந்தோம். கன்றுகள் தழைத்த இடத்தில் ஊற்றுநீர் வாய்க்கால் நீரை ஒட்டியே இருந்தது. கருகிய இடத்தில் கோடு 60ஐத் தாண்டி நின்றது. வெண்கண்டல் என்று நூல்கள் சொல்லும் அலையாத்தி மரம், மிகுந்த உப்பைத் தாங்கி இலைகளின் வழியே வெளியேற்றும் இயல்புடையது. இலையின் அடிப்பக்கத்தை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். அத்தகைய மரத்துக்கும் வேர் ஊன்றும் சில வாரங்களில் உப்புக் குறைந்த நீர் வேண்டும். பருவமழையை ஒட்டி விதைகள் உதிர்வதும் ஆற்று நீர் வந்து சேர்வதும் ஒரே காலத்தில் நிகழ்வது அந்த மரத்தின் வாழ்வோடு பிணைந்த ஏற்பாடு. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலில் இந்தக் காடு பட்ட அடியை நேரில் பார்த்தவன் என்பதால், புதிய கன்றுகள் எங்கே பிழைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடிய எந்தக் கருவியும் எனக்கு அருமையானதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மழைக்காலத்தில் கடலை அடையும் ஆற்று நீரை வீணாகிப் போன நீர் என்றே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, பங்கிட்ட 740 டிஎம்சியில் சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சியும், தவிர்க்க இயலாமல் கடலில் சேரும் நீரென 4 டிஎம்சியும் ஒதுக்கப்பட்டன. ஐப்பசியில் ஆற்று நீர் வந்த நாளிலிருந்து நீலக் கோடு ஒவ்வொரு முறையும் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த நீரை வீண் என்று சொல்ல மாட்டார்கள். கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் காயலுக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போவதும், மடவையும் கொடுவாயும் நண்டும் அலையாத்தி வேர்களுக்கிடையே பெருகுவதும் இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான். ஆற்றின் கடைக்கோடியில் நீரைத் தேக்கித் திறந்துவிடும் கடைமடை ரெகுலேட்டர்களைத் திறக்கும் காலத்தைப் பேசும்போது வயலின் வடிகாலோடு காயலின் உப்பையும் கணக்கில் கொள்ள வேண்டுமென்று கேட்பதற்கு, தேதியிட்ட நோட்டு ஒன்று மீனவர் கையில் இருப்பது நல்லது.

இனி கீழ் ஓரம். பாமணியாற்றின் உட்பகுதியில் ஒருமுறை கருவி 0 காட்டியது. நன்னீர் என்று எழுதப் போனேன். படகோட்டி அண்ணன் கையால் அள்ளி வாயில் வைத்துத் துப்பிவிட்டு, “சார், உப்பு இருக்கு சார், கண்ணாடி சரியாச் சொல்லலை” என்றார். நான் மறுபடியும் மூன்று முறை அளந்தேன். 0க்கும் 1க்கும் நடுவே கோடு ஆடியது. மறுநாள் வேளாண்மை படித்த நண்பரிடம் இருந்த, நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து உப்பைச் சொல்லும் மின்கடத்துத்திறன் மீட்டரில் அதே புட்டியைச் சோதித்தபோது படகோட்டி சொன்னதே சரியென்று தெரிந்தது. இந்தக் கருவியின் பிழை எல்லை ஒரு பிபிடி. 0க்கும் 2க்கும் இடையே அது சொல்வதை ஏற்க முடியாது. அந்த இடைவெளியில் மனித நாக்கே நுட்பமானது. 20க்கு மேல் போனால் நாக்குக்கு எல்லாம் ஒரே உப்பு.

காயலுக்கு இது சிறிய குறை. வயலுக்கு மிகப் பெரிய குறை. நெற்பயிரின் வேர்மண்ணில் மின்கடத்துத்திறன், அதன் அலகில் சொன்னால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். தோராயமாக லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்று கொண்டால், அது இந்தக் கருவியின் பிழை எல்லைக்கு அருகிலேயே வந்துவிடுகிறது. ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரையோ வாய்க்கால் நீரையோ சோதிக்க விரும்பும் கடைமடை விவசாயிகள் இதை வாங்க வேண்டாம். பேனா வடிவில் கிடைக்கும் மின்கடத்துத்திறன் மீட்டரே அவர்களுக்குப் பொருந்தும். அந்தப் பேனா மீட்டர்களில் பல காயலின் உப்புக்கு முன் அளவுகோல் முடிந்து நின்றுவிடும் என்பதால், இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

கட்டுமானத்தைப் பொறுத்தவரை குழாயும் பட்டகமும் உறுதியானவை. தகட்டைப் பிடிக்கும் கீல் ஊசி முதல் கோடையிலேயே துருப்பிடித்தது. கண் பக்கத்து ரப்பர் வளையம் ஒன்றரை ஆண்டில் கிழிந்தது. பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அதை எடுத்துவிட்டுப் பழைய பருத்தித் துணியை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நன்னீரில் பட்டகத்தை மட்டும் கழுவி மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். முழுக் கருவியையும் வாளியில் முக்கிய மாணவனால் ஒரு மாதம் உள்ளே பனி படர்ந்து கோடே தெரியாமல் போயிற்று. அரிசிப் பானைக்குள் பத்து நாள் புதைத்துவைத்த பிறகு தெளிந்தது. விற்ற கடையில் கீல் ஊசிக்கு மாற்று கேட்டபோது, உதிரிப் பாகம் கிடையாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாயிரம் ரூபாய்க் கருவிக்கு ஓர் ஊசி கொடுக்க முடியாது என்பது ஏற்கத்தக்கதன்று. சைக்கிள் கடையில் பித்தளைக் கம்பியை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார்கள். அது இன்றுவரை துருப்பிடிக்கவில்லை.

பள்ளி, மீனவர் குழு, காட்டு வாய்க்கால்களைக் கவனிக்கும் கிராமக் குழு ஆகியவற்றுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாங்கப் போகும்போது ஒரு சிறு புட்டியில் பேட்டரி நீரையும் இன்னொன்றில் மேலே சொன்ன உப்புக் கரைசலையும் கொண்டுபோங்கள். கடை வாசலின் நிழலில் நின்று இரண்டையும் விட்டுப் பாருங்கள். 0ஐச் சரிசெய்த பின் கோடு கூர்மையாகத் தெரிகிறதா, கரைசலில் 35 காட்டுகிறதா, 36.5 காட்டுகிறதா என்று பார்த்து அந்த எண்ணைப் பெட்டியின் உள்மூடியில் அப்போதே எழுதிவையுங்கள். திருகாணிக்கான சின்னத் திருப்புளியும் சொட்டுக் குழாயும் பெட்டியில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எனக்குத் திருப்புளி வரவில்லை. கூடவே ஒரு நீளமான நோட்டு வாங்கி, தேதி, நேரம், திதி, காற்றின் திசை, இடம், மேல்நீர், அடிநீர் என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் காற்றின் திசைக்கான கட்டத்தை முதல் ஆண்டு விட்டுவிட்டோம், அதனால் அந்த ஆண்டின் எண்களில் பாதிக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை.